வெள்ளிக் களிமண்ணில் வண்ணக் கண்ணாடி

நகைக்கு நிறம் சேர்ப்பதற்குத் தொன்றுதொட்டு வழங்கிவரும் வழிகளில் பிரதானமானவை இரண்டு: கல் பதிப்பது ஒன்று, கண்ணாடியை உருக்கி உலோகத்தின்மேல் படியவைப்பது மற்றொன்று. கல்லின் நிறம் பூமிக்குள்ளேயே தீர்மானமாகிவிடுவதால், பதிப்பவனுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே உண்டு. கண்ணாடியின் நிறத்தையோ தொழிலாளி தன் கண்ணெதிரே நெருப்பில் விளைவித்தாக வேண்டும். எனாமல் என்றும் மினா என்றும் வழங்கும் இந்த வேலையிலும் இரு பிரிவுகள் உள்ளன. வெள்ளீய ஆக்ஸைடு சேர்ந்த எனாமல் ஒளியைத் தடுத்து, அடியிலுள்ள உலோகத்தை முற்றும் மறைத்துவிடும். அத்தகைய சேர்க்கை இல்லாத எனாமல் ஒளியை உள்ளே விட்டு, உலோகத்தில் பட்டுத் திரும்பிய பின் மறுபடியும் வெளியே விடும். ஆகையால் அதன் சௌந்தரியத்தில் பாதி அதற்கு அடியில் கிடக்கும் உலோகத்தையே சேரும். செம்பின்மேல் வைத்த நீலமும், தங்கத்தின்மேல் வைத்த நீலமும், வெள்ளியின்மேல் வைத்த நீலமும் ஒரே சீசாவிலிருந்து எடுத்தவையானாலும் மூன்று நிறங்களாகவே காணும். இவ்வாறு அடித்தளத்தை நம்பியே வாழும் ஒரு கலைக்கு, சென்ற நூற்றாண்டின் இறுதியில் புதியதோர் அடித்தளம் கிடைத்தது. அதுவே வெள்ளிக் களிமண்.

இவ்விரண்டின் சேர்க்கையைப் பற்றி உற்சாகத்துடன் பேசுகிறவர்கள், களிமண் வந்தபின் வேலை சுலபமாகிவிட்டது என்கிறார்கள். பழைய தட்டார் மரபில் ஊறியவர்களோ, இது பொழுதுபோக்குக்கான பொருள், இதன்மேல் நல்ல எனாமல் நில்லாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு அபிப்பிராயங்களுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆயினும் உளியின்மேல் இருந்த பாரத்தைக் களிமண் நெருப்பின்மேல் மாற்றி வைத்திருக்கிறதே தவிர, பாரத்தைக் குறைத்துவிடவில்லை என்பது என் கட்சி. அதை நிலைநாட்ட வேண்டுமானால் அந்தப் பொருளின் சுபாவத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் மித்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரான மசாகி மொரிகாவா என்பவர் 1990-ஆம் ஆண்டை ஒட்டி இதை உருவாக்கினார். சில ஆண்டுகளுக்குள் அய்டா கெமிக்கல் என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனமும் ஆர்ட் கிளே என்ற பெயரில் தன் சரக்கை வெளியிட்டது. பெயரில் களிமண் இருந்தாலும் அதில் மண் ஓர் அணுவும் கிடையாது. மிக நுண்ணிய சுத்த வெள்ளித் தூளும், அதைப் பிடித்து வைக்கும் தாவரப் பசை போன்ற ஒரு சேர்மானமும், தண்ணீரும் கலந்த பிசினே அது. விரலால் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலரவைத்து, அரம் போட்டுச் சீர்செய்து, சூளையில் வைத்தால், பசை எரிந்து புகையாய்ப் போய்விட, வெள்ளித் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, 99.9 சதவீத வெள்ளியாலான திடப்பொருளாகின்றன. வெள்ளியின் உருகுநிலை ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸ். இந்த இறுக்கமோ அதற்கு வெகு கீழேயே, 650 டிகிரி அளவிலேயே, சில வகைகளில் தொடங்கிவிடுகிறது. பசையும் நீரும் இருந்த இடம் காலியாவதால் பொருள் சுருங்கும். முதன்முதலில் விற்ற வகை கால் பங்குக்கு மேலும் சுருங்கியது. துகள்களின் அளவைத் திருத்தியமைத்த பிற்கால வகைகளில் சுருக்கம் 8 முதல் 12 சதவீதத்திற்குள் அடங்கியது. 40 மில்லிமீட்டர் அகலமாகச் செய்த பதக்கம் 10 சதவீதச் சுருக்கத்தில் 36 மில்லிமீட்டராக வெளிவரும், அதில் 0.5 மில்லிமீட்டர் ஆழமாகத் தோண்டிய பள்ளமும் 0.45 ஆகிவிடும். அகலம் குறைவதைக் கணக்கில் சேர்க்கிறவர்கள் ஆழமும் குறையும் என்பதை மறந்துவிடுவது சகஜம். எனாமல் வேலையில் அந்த ஆழமே சர்வமும் என்பதால் இங்கே அதைப் பிரத்தியேகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆழத்திற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? ஒளி ஊடுருவும் எனாமலுக்குள் நுழையும் கதிர், அடியிலுள்ள வெள்ளியைத் தொட்டுத் திரும்பி வரும்போது, அதே நிறக் கண்ணாடியை இரண்டாம் முறையும் கடந்து வருகிறது. எனவே பள்ளம் சற்றே ஆழமானாலும் நிறம் அதைவிட மிக அதிகமாகக் கருத்துப்போகிறது. மேடான இடத்தில் கண்ணாடி மெல்லியதாக இருப்பதால் அங்கே நிறம் வெளிறி ஒளிர்கிறது. ஒரே ஒரு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அடித்தளத்தின் மேடு பள்ளங்களாலேயே இளநீலத்திலிருந்து நள்ளிரவு நீலம்வரை எல்லா சாயல்களையும் வரவழைத்துவிடலாம். ஓவியன் தூரிகையால் செய்யும் காரியத்தை இங்கே செதுக்குகிறவன் ஆழத்தால் செய்கிறான். பாஸ்-டாய் என்று பிரெஞ்சுப் பெயரால் அறியப்படும் இந்த முறையை ஐரோப்பாவில் நமக்குக் காட்டும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் இன்றும் இருக்கும் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம். சியெனா நகரத்துப் பொற்கொல்லன் குச்சோ தி மன்னாயா, 1288 முதல் 1292 வரை போப்பாக இருந்த நான்காம் நிக்கோலஸுக்காக அதைச் செய்து, தன் பெயரையும் அதில் பொறித்துவைத்தான். வெள்ளியைக் கூர் உளியால் மெல்லிய புடைப்பாகச் செதுக்கி, அதன்மேல் நிறக் கண்ணாடியை நிரப்பி, மட்டமாகத் தேய்த்து முடித்த அந்த வேலையைப் பார்க்கும்போது, கண்ணாடியின் மேற்பரப்பு சமமாக இருந்தும் உள்ளே உருவங்கள் திரண்டு நிற்பதுபோல் தோன்றும்.

இந்த வேலைக்கு ஏற்ற வெள்ளி எது என்பது அடுத்த கேள்வி. சாதாரண நகைக்கு உபயோகிக்கும் 925 வெள்ளியில் நூற்றுக்கு ஏழரை பங்கு செம்பு கலந்திருக்கிறது. பாத்திரத்துக்கும் மோதிரத்துக்கும் உறுதி தரும் அந்தச் செம்பே எனாமலுக்கு விரோதி. சூளையில் வைத்தவுடன் செம்பு காற்றோடு சேர்ந்து ஆக்ஸைடாகி, உலோகத்தின் தோலுக்கு அடியில் ஊதா கலந்த கருங்கறையாகப் படிந்துவிடும். அந்தக் கறை ஊடுருவும் எனாமலுக்கு அடியில் அழுக்குக் கண்ணாடியைப் போட்டதற்கு ஒப்பாகும். தவிரவும் இந்தக் கலப்பு 800 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடுகிறது. எனாமல் உருக வேண்டிய உஷ்ணமும் ஏறக்குறைய அதுவே. ஆகையால் 925 வெள்ளியில் எனாமல் இடுகிறவர்கள், அதைத் திரும்பத் திரும்பச் சூடேற்றி, திராவகத்தில் தோய்த்து, மேற்பரப்பிலிருந்து செம்பை அரித்தெடுத்து, மெல்லிய சுத்த வெள்ளித் தோல் ஒன்றை வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெள்ளிக் களிமண் இவ்வளவு பிரயத்தனத்தையும் ஒரேயடியாக மிச்சப்படுத்துகிறது. அதிலிருந்து கிடைப்பது தோல்முதல் உள்வரை சுத்த வெள்ளி. எத்தனை முறை சூளைக்குப் போனாலும் அது கறுப்பதில்லை. களிமண்ணை ஆதரிக்கிறவர்களின் வாதத்தில் மறுக்கவே முடியாத பகுதி இது.

வெள்ளிக்கென்று ஒரு பலவீனமும் உண்டு; அது களிமண்ணால் வந்ததன்று, வெள்ளியின் பிறவிக் குணம். நீலமும் பச்சையும் ஊதாவும் வெள்ளியின்மேல் ஜொலிக்கும். சிவப்பும் ரோஜாவும் ஆரஞ்சும் நேரே வெள்ளியைத் தொட்டால் பழுப்பேறிக் கலங்கிப்போகும். உருகிய கண்ணாடிக்குள் வெள்ளி அயனிகள் ஊறிச் சென்று, மஞ்சள் சாயை ஏற்றிவிடுவதே காரணம். ஐரோப்பியக் கோயில் சாளரங்களில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கண்ணாடிக்காரர்கள் மஞ்சள் நிறம் பெறுவதற்காகவே வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டார்கள். அவர்களுக்கு வரமாக வந்ததே எனாமல்காரனுக்குச் சாபமாயிற்று. நம் நாட்டு மினா வேலையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஜெய்ப்பூர் மினாகாரர்கள் பெயர் பெற்றது அவர்களுடைய மாணிக்கச் சிவப்பால். அந்தச் சிவப்பு உயர்ந்த மாற்றுத் தங்கத்தின்மேல் இட்ட சிவப்பு. லக்னோவிலும், இமயமலைச் சாரலில் காங்ராவிலும் வெள்ளியில் வேலை செய்தவர்களோ நீலத்தையும் பச்சையையுமே பெரிதும் கையாண்டார்கள். இந்தப் பேதத்துக்கு ருசியும் வழக்கமும் காரணமாயிருக்கலாம் என்றாலும், அவற்றுக்கு முன்னதாக உலோகமே தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாரிஸில் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டு, 1892 முதல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அரச பொற்கிண்ணத்தின் புகழ்பெற்ற செம்மையும் தங்கத்தின்மேல் எழுந்த செம்மையே.

ஆனால் வெள்ளியில் சிவப்பு அடியோடு அசாத்தியம் என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. நிறமற்ற எனாமலில் வெள்ளிக்கென்றே தயாரித்த வகையொன்றை முதலில் மெல்லியதாக உருக்கிப் படியவைத்து, அதன்மேல் சிவப்பை வைத்தால், வெள்ளிக்கும் சிவப்புக்கும் இடையே ஒரு திரை ஏற்பட்டு நிறம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அந்தத் திரையின்மேல் மெல்லிய தங்க ரேக்கை விரித்து, சூளையில் ஒட்டவைத்து, அதன்மேல் சிவப்பை இடுவது இன்னும் உத்தமமான வழி. செலவு சற்றே கூடினாலும் சிவப்புக்கு அடியில் தங்கம் கிடைத்துவிடுகிறது. பதக்கத்தின் மற்ற பாகங்களில் வெள்ளி வெள்ளியாகவே இருக்கும்.

இனி, களிமண்ணை எதிர்க்கிறவர்களின் தரப்புக்கு வருவோம். அவர்களுடைய பிரதான ஆட்சேபம், இந்த வெள்ளி வார்ப்பு வெள்ளியைப்போல் கெட்டியன்று, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது என்பதே. அது உண்மை. துளைகளில் அடைபட்ட காற்றும் ஈரமும் சூளையில் விரிந்து, உருகிய கண்ணாடிக்குள் குமிழியாய் ஏறிவிடும். ஊடுருவாத எனாமலில் மறைந்து போகக்கூடிய அந்தக் குமிழி, ஊடுருவும் எனாமலில் வெளிச்சம் போட்டுக் காட்டினாற்போல் தெரியும். இதற்குப் பரிகாரம் இரண்டு. எவ்வளவு குறைந்த உஷ்ணத்தில் சுடலாம் என்று உறையில் அச்சிட்டிருக்கிறதோ அதோடு நின்றுவிடாமல், 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டுத் துகள்களை இயன்றவரை இறுகச் செய்வது முதலாவது. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 650 டிகிரியில் அரை மணி சுட்ட வெள்ளி தன் சுருக்கத்தை முடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பிறகு எனாமலோடு 800 டிகிரிக்குப் போகும்போது அது மேலும் சுருங்க முயலும். மேலே உருகி நிற்கும் கண்ணாடிக்கு அந்தச் சுருக்கம் தெரியாது. ஆறும் சமயத்தில் விரிசல் கண்டுவிடுகிறது. எனாமல் உதிர்ந்துவிட்டது என்று கண்ணாடியைக் குறை சொல்கிறவர்களில் பலர் குறை சொல்ல வேண்டியது தங்கள் முதல் சூட்டையே. ஆனால் 900 டிகிரிக்கும் உருகுநிலைக்கும் இடையே 62 டிகிரியே இருக்கிறபடியால், உஷ்ணமானி பொய் சொல்லும் சூளையில் இந்தப் பரிகாரமே ஆபத்தாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பரிகாரம் மெருகிடுவது. சூளையிலிருந்து வரும் வெள்ளி பாலைப்போல் வெண்மையாக, ஒளி சிதறும் மேற்பரப்புடன் இருக்கும். அதை அகேட் கல் முனையாலோ எஃகு மெருகுக்கோலாலோ அழுத்தித் தேய்த்தால், மேல்தோலின் துளைகள் மூடிக்கொள்வதுடன் வெள்ளி கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்கும். பள்ளங்களின் அடியிலும் மெருகுக்கோல் எட்டும்படியாகச் சித்திரத்தை வகுத்துக்கொள்வது அவசியம். எட்டாத மூலைகள் எல்லாம் எனாமலுக்கு அடியில் சாம்பல் நிறமாகவே நின்றுவிடும். மெருகு முடிந்தபின் கைப்பிசுக்கு போகும்படி கண்ணாடி இழைத் தூரிகையால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தண்ணீர் திவலை திவலையாகப் பிரியாமல் ஒரே படலமாகப் பரவி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். திவலையாய் நின்றால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

எனாமலைத் தயாரிப்பதில் காட்டும் பொறுமையே பாதி வேலை. அங்குலத்துக்கு 80 கண்கள் கொண்ட சல்லடையில் சலித்த கண்ணாடித் தூளைச் சிறு கிண்ணத்தில் இட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, கனமான மணிகள் அடியில் படிந்தவுடன் மேலே மிதக்கும் பால்போன்ற கலங்கலை இறுத்துவிட வேண்டும். நுண்துகள் தங்கிவிட்டால் உருகியபின் நிறம் மப்பும் மந்தாரமுமாகிவிடும். ஆகவே தண்ணீர் தெளிவாகும்வரை பலமுறை கழுவி, கடைசிக் கழுவலை வாலை நீரால் செய்து முடிப்பது வழக்கம். அப்படிக் கழுவிய ஈரத்தூளை மெல்லிய தூரிகை நுனியால் சிறிது சிறிதாக எடுத்துப் பள்ளத்தில் வைத்து, பதக்கத்தின் ஓரத்தை லேசாகத் தட்டினால், மணிகள் தாமே நெருங்கி அமர்ந்து தண்ணீர் மேலே வரும். அதை மையொற்றுத் தாளின் முனையால் உறிஞ்சிவிட வேண்டும். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பிவிட ஆசைப்படுகிறவன் குமிழிகளையே அறுவடை செய்வான். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான படலங்களாக மூன்று நான்கு முறை வைத்து, ஒவ்வொரு முறையும் சூளையின் மேல்தட்டில் ஆவி நிற்கும்வரை உலர்த்தி, பிறகு சுடுவதே முறை.

சூளைக்குள் நடப்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 780 முதல் 820 டிகிரிவரை ஏறி நிற்கும் மின்சூளையின் கதவைத் திறந்து, எஃகுக் கம்பி வலையின்மேல் வைத்த பதக்கத்தை நீண்ட கவைக்கம்பியால் உள்ளே தள்ளினால், முதலில் தூள் கறுத்து, பின்பு மணிமணியாக ஒட்டி நின்று, அதன்பின் ஆரஞ்சுத் தோலைப்போல் மேடும் பள்ளமுமாகி, கடைசியில் திடீரென்று சமமாகி ஈரப் பளபளப்புடன் ஒளிரும். இவை அனைத்தும் இரண்டு நிமிஷத்துக்குள் நடந்துவிடுகின்றன. முதல் படலங்களைத் தோல்போன்ற நிலையிலேயே எடுத்துவிடுவாரும் உண்டு. கடைசிப் படலம் மட்டும் முழுமையாக உருக வேண்டும். வெளியே எடுத்த கணத்தில் நிறங்கள் எல்லாம் ஏறுமாறாக, சிவப்புகள் ஏறக்குறையக் கறுப்பாகவும் தோன்றும். ஆறிய பிறகே தத்தம் நிறத்துக்கு வரும் என்பதால், புதியவர்கள் பதறிப்போய் மறுபடியும் உள்ளே தள்ளி வேலையைக் கெடுத்துக்கொள்வது உண்டு. பள்ளம் நிரம்பியபின் வைரத் தூள் பதித்த தேய்ப்பானால் தண்ணீருக்கு அடியில் தேய்த்து, வெள்ளி விளிம்பும் கண்ணாடியும் ஒரே மட்டமாக வந்ததும், குழிகளில் தங்கிய கண்ணாடிப் பொடியைத் தூரிகையால் முற்றும் அகற்றி, கடைசியாக ஒரு நிமிஷச் சூடு கொடுத்தால் மேற்பரப்பு மீண்டும் பளபளப்பாகும். பொடியை அகற்றாவிட்டால் அது வெண்புள்ளியாய் உறைந்து நிரந்தரமாகிவிடும்.

களிமண்ணுக்கு இயல்பாகவே அமைந்த இன்னொரு அனுகூலத்தைப் பலர் கவனிப்பதில்லை. தகட்டு வேலையில் கொக்கியையும் வளையத்தையும் பொடி வைத்துப் பற்றவைக்க வேண்டும். எனாமல் சூட்டில் அந்தப் பற்றாசு இளகிவிடாதபடி, மிக உயர்ந்த உஷ்ணத்தில் உருகும் வகையைத் தேடிப் பிடிக்க வேண்டும், பற்றாசு தெரியும் இடத்தில் எனாமல் நிறம் மாறிவிடும் என்ற அச்சமும் உண்டு. களிமண்ணில் கொக்கியும் வளையமும் உடலோடு ஒட்டிப் பிறந்தவை. ஈரக் களிமண்ணையே குழைத்து ஒட்டி, ஒன்றாகச் சுட்டுவிட்டால் இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊசி போன்ற சிறு குழாயிலிருந்து பிதுக்கும் களிமண்ணால், கம்பி வளைத்துச் செய்யும் அறைச் சுவர்களையும் வரைந்துவிடலாம். ஆனால் அப்படி வரைந்த சுவர்கள் கம்பியைப்போல் நேர்த்தியாக இருப்பதில்லை. கம்பி வேலையை அசலாகக் காட்ட விரும்புகிறவர், சுத்த வெள்ளிக் கம்பியையே களிமண்ணில் பதித்துச் சுடுவது நல்லது.

உலோகமும் கண்ணாடியும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய மற்றொரு விஷயம் விரிவும் சுருக்கமும். உஷ்ணத்தில் வெள்ளி செம்பையும் தங்கத்தையும்விட அதிகமாக விரிகிறது. எனாமல் வெள்ளியைவிட வெகு குறைவாகவே விரிகிறது. ஆறும்போது வெள்ளி அதிகமாகச் சுருங்கிக் கண்ணாடியை நெருக்குகிறது. கண்ணாடி இழுவையைத் தாங்காவிட்டாலும் நெருக்கத்தைத் தாங்கும் என்பதால் இது ஓரளவுக்கு நன்மையே. ஆனால் அடித்தளம் மெல்லியதாக இருந்தால் பதக்கம் முதுகு வளைந்து, ஓரங்களில் எனாமல் சில்லு சில்லாய்த் தெறிக்கும். இதற்காகவே பின்புறத்திலும் எனாமல் இடும் வழக்கம் ஏற்பட்டது. களிமண்ணில் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில் தளத்தை வைத்து, எனாமலைச் சிறு சிறு பள்ளங்களுக்குள் அடக்கிக்கொண்டால், பின்புற எனாமல் இல்லாமலே பல பதக்கங்கள் பிழைத்துவிடுகின்றன.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும், உளியால் செதுக்கிய வெள்ளிக்கும் அச்சில் அழுத்திய வெள்ளிக்கும் இடையே ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. கலை விமரிசனத்துக்கு உரிய இடம் அதுதான். கூர் உளி வெள்ளியை வெட்டிச் செல்லும்போது விட்டுச்செல்லும் முகம் கண்ணாடிபோல் பளிச்சென்று இருக்கும். ஒவ்வொரு வெட்டும் தனித்தனிக் கோணத்தில் ஒளியைத் திருப்புவதால், நகை அசையும்தோறும் உள்ளே மின்னல் ஓடும். ஜெய்ப்பூர் மினாகாரன் பள்ளத்தின் அடியில் நெருக்கமான கோடுகளைக் கீறுவதும், ருஷ்யாவில் ஃபபெர்ஜே தொழிற்சாலையில் இயந்திரத்தால் அலையலையாக வரி வெட்டி அதன்மேல் எனாமல் இட்டதும் இதற்காகத்தான். 1897-இல் அத்தொழிற்சாலை செய்துகொடுத்த முடிசூட்டு விழா முட்டையின் மஞ்சள் எனாமலுக்கு அடியில் சூரியக் கிரணங்கள் விரிந்தாற்போல் தோன்றுவது அந்த வரிகளின் வேலை. அச்சில் அழுத்திய களிமண்ணின் புடைப்பிலோ விளிம்புகள் மழுங்கி, ஒளி மென்மையாகப் பரவும். மின்னல் கிடையாது, மிளிர்வு உண்டு. இதை ஒரு குறையாக எண்ணி, அச்சில் வரிகளை அழுத்தி ஃபபெர்ஜேயைப் பின்பற்ற முயல்கிறவர்கள் பெறுவது பெரும்பாலும் மங்கிய நகலையே. இலை நரம்பு, மரப்பட்டை, நீரலை முதலிய மென்மையான பரப்புகளே களிமண்ணுக்குச் சொந்தமான சித்திரங்கள். உண்மையான இலையையே களிமண்ணில் அழுத்தி எடுத்து, அதன் நரம்புகளின்மேல் பச்சை எனாமல் ஓடவிட்டால், உளிக்காரனுக்கு எளிதில் கிட்டாத ஓர் இயற்கைத் தன்மை வந்துவிடுகிறது. பளிச்சென்ற வெட்டும் வேண்டும் என்பவர், சுட்டு இறுகிய வெள்ளியில் மெல்லிய உளியால் சில கோடுகளை மட்டும் கீறிக்கொள்ளலாம். சுத்த வெள்ளி மிருதுவானதால் உளிக்கு நன்றாக இணங்கும்.

வெள்ளிக் களிமண் ஜப்பானில் பிறந்தது, எனாமலுக்கு அதனால் கிடைத்த ஒரு தற்செயலான லாபம். அந்நாட்டில் ஷிப்போ என்னும் எனாமல் கலை 19-ஆம் நூற்றாண்டில் பேருயரத்தை எட்டியிருந்தது. கோட்ஃபிரீட் வாகனர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் ஜப்பானிய எனாமல்காரர்களுடன் சேர்ந்து ஒளி ஊடுருவும் வண்ணங்களை அபிவிருத்தி செய்ததும், கியோட்டோவில் நமிகாவா யாசுயுகியும் டோக்கியோவில் நமிகாவா சோசுகேயும் 1896-இல் அரண்மனைக் கலைஞர்களாக நியமனம் பெற்றதும் அக்கலைச் சரித்திரத்தின் பெரிய சம்பவங்கள். பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்லர். வேலையிலும் எதிரெதிர்த் துருவங்கள். யாசுயுகி கம்பி வேலையின் நுட்பத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக, சோசுகே கம்பியையே மறைத்துவிட்டு எனாமலைத் தூரிகை ஓவியமாக்கினார். புடைப்பு அழுத்திய வெள்ளி ரேக்கின்மேல் ஊடுருவும் எனாமல் இடும் வழக்கமும் ஜப்பானியரிடம் செழித்திருந்தது. அந்த வகையில் பார்த்தால், களிமண்ணில் அழுத்திய புடைப்பின்மேல் எனாமல் இடுவது அவர்களுக்குப் புதிய சங்கதியே அன்று.

வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய எனாமல்களில் ஈய ஆக்ஸைடு தாராளமாகச் சேர்ந்திருந்தது. ஒளியை அதிகமாக வளைத்து வைரச் சாயலான பளபளப்பைத் தருவது அதுவே. இப்போது பெரும்பாலோர் ஈயமில்லா வகைகளையே வாங்குகிறார்கள். தூள் மூக்கில் ஏறும் வேலைக்கு அது புத்திசாலித்தனமே. ஆனாலும் ஈயம் உள்ளதையும் இல்லாததையும் ஒரே படலத்தில் கலப்பது தகாது. இரண்டும் வெவ்வேறு விதமாக உருகி, வெவ்வேறு விதமாக ஆறுகின்றன. எந்த வகையானாலும் உலர்ந்த தூளைக் கையாளும்போது முகமூடி அவசியம்.

கடைசியாக, எந்த நகைக்கு இது உகந்தது என்ற விஷயம். எனாமல் சூட்டில் பலமுறை புரண்ட சுத்த வெள்ளி முற்றிலும் மிருதுவாகிவிடுகிறது; கண்ணாடி ஏறிய பிறகு அதைச் சுத்தியால் தட்டி இறுகச் செய்யவும் வழியில்லை. உலோகம் வளைந்தால் அதன்மேல் நிற்கும் கண்ணாடி வளையாது, தெறித்துவிடும். ஆதலால் பதக்கம், காதணி, புடவை ஊசி இவையே இதற்குத் தகுந்தவை. வளையலும் மோதிரமும் நாள்தோறும் சுவரிலும் பாத்திரத்திலும் மோதுகிற நகைகள். மோதிரமே வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், வளையத்தை 925 வெள்ளியில் தனியாகச் செய்து, எனாமல் முகத்தைக் கல்லைப்போல் அதில் பதித்து, வெள்ளி விளிம்பு கண்ணாடியின் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும்படி அமைத்து, பாத்திரம் துலக்கும்போது கழற்றி வைப்பதாக ஒரு வாக்குறுதியும் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.